ஒருவர் முடிய, பலர் அவிழ்க்க: கடினமான குறுக்கெழுத்துப் புதிர்களின் உலகம்

2013ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, பிரித்தானியாவின் 'கார்டியன்' பத்திரிகையில் வெளியான குறுக்கெழுத்துப் புதிருக்கு மேலே ஒரு சிறு அறிவித்தல் இருந்தது. புதிரை அமைத்த 'அரகேரியா'வுக்கு 19இல் 18 ஏற்பட்டிருக்கிறது, அதற்கு 13, 15 வழங்கப்படுகிறது என்பது அதன் சாரம். எண்களுக்குப் பின்னால் இருக்கும் சொற்களை அறிய வேண்டுமானால் கட்டங்களை நிரப்பியாக வேண்டும். வழமைபோல் காலைத் தேநீரோடு புதிரைக் கையில் எடுத்த வாசகர்களுக்குச் சற்று நேரத்தில் விடயம் விளங்கத் தொடங்கியது. 18 என்பது புற்றுநோய். 19 என்பது உணவுக்குழாய். 13உம் 15உம் சேர்ந்தால் நோய்த்தணிப்புப் பராமரிப்பு.

அரகேரியா என்பது புனைபெயர். அவருடைய இயற்பெயர் ஜோன் கிரஹம். இங்கிலாந்துத் திருச்சபையின் மதகுருவாக இருந்தவர்; 1958 முதல் கார்டியனுக்குப் புதிர் அமைத்து வந்தவர். அப்போது அவருக்கு 91 வயது. தனது நோய் பற்றிய செய்தியை ஓர் அறிக்கையாகவோ நேர்காணலாகவோ அவர் வெளியிடவில்லை. சிறு சஞ்சிகையொன்றில் 2012 டிசம்பரில் வெளியான புதிருக்குள் அதை வைத்தார். கார்டியன் அதை மீண்டும் வெளியிட்டது. நாடு முழுவதிலும் இருந்து கடிதங்கள் குவிந்தன. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி அவர் காலமானார்.

இப்படியொரு செய்தியைச் சுமக்கும் வலு குறுக்கெழுத்துக் கட்டங்களுக்கு எங்கிருந்து வந்தது? எமது ஞாயிறு பத்திரிகைகளில் காணும் குறுக்கெழுத்துப் போட்டியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. அது வேறு இனம். கருப்பொருள் கொண்ட மறைபுதிர்கள் எப்படி இயங்குகின்றன, அவற்றைத் தனியாளாக அன்றிக் கூட்டாளிகளோடு சேர்ந்து தீர்ப்பது ஏன் வழக்கமானது, உதவி கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இருக்கும் மரபுகள் எவை என்பதை இங்கு பார்ப்போம்.

பொருள் கேட்கும் புதிரும் மறைத்துக் கேட்கும் புதிரும்

முதலாவது குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியானது. அதை அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். 'யானையின் மறுபெயர்' என்றால் 'களிறு' என எழுதுவதுபோல, குறிப்புக்குப் பொருந்தும் சொல்லை எழுதினால் போதும். இன்றும் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் புதிர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே.

1920களில் புதிர்மோகம் பிரித்தானியாவுக்கு வந்தபோது அங்கே அது வேறு உருவம் எடுத்தது. 1926இல் 'ஒப்சேவர்' பத்திரிகையில் எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ் புதிர் அமைக்கத் தொடங்கினார். ஸ்பானிய மதவிசாரணைக் காலத்தின் கொடூரமான விசாரணை அதிகாரி தொர்க்கமாடாவின் பெயரையே தனக்குப் புனைபெயராக வைத்துக்கொண்டார். வாசகர்களைச் சித்திரவதை செய்வதுதான் தன் வேலை என்பதை அப்படி ஒப்புக்கொண்டார் போலும். அவருடைய குறிப்புகள் பொருளை நேரே கேட்கவில்லை. சொற்களை உடைத்தன, கலைத்தன, ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்தன.

இந்த வகைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் நேரடிப் பொருள். மற்றது அதே விடைக்குச் சொல்விளையாட்டின் வழியே கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை. இரண்டும் பிரிகோடு தெரியாதபடி ஒரே வாக்கியமாகத் தைக்கப்பட்டிருக்கும். வாக்கியம் ஒரு கதை சொல்லும். விடையோ வேறெங்கோ இருக்கும்.

ஆறு குறிப்புகள்

விளக்கத்தைவிட உதாரணம் நல்லது. கீழே இருப்பது இக்கட்டுரைக்காக அமைத்த ஒரு சிறு கருப்பொருள் புதிர். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை. உயிர்மெய்யும் ஓர் எழுத்து. புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்து. விடைகளைப் படிக்க முன்னர் ஒருதரம் முயன்று பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.

முன்னுரை: விடைகளின் முதல் எழுத்துகளை வரிசையாகப் பின்தொடர்பவர் ஒரு யாத்திரைத் தலத்தை நெருங்குவார். கடைசி விடையின் முடிவைக் கண்டவரே அங்கு போய்ச் சேர்வார்.

1. நாலில் ஒரு பங்கோடு உண்ணும் உறுப்புச் சேர, தண்ணீர் ஓடும் வழி (4)

2. திருப்பிப் படி, ஈசனே! (2)

3. வெயில் தணியும் வேளையில் கழுத்தில் விழுவது (2)

4. நகரம் குலைந்தால் பாவிகள் போகுமிடம் (4)

5. கதைக்குள்ளே வியப்புத் தொடங்கினால் பாட்டு (3)

6. முதலை இழந்த நோன்பு தேராகும் (3)

மூன்று பேர் சேர்ந்தால்

இந்தப் புதிரை ஓர் ஆசிரியை, ஒரு வங்கி ஊழியர், ஒரு பல்கலைக்கழக மாணவன் ஆகிய மூவர் சேர்ந்து தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

வங்கி ஊழியருக்கு எண்களில் கண் போகும். நாலில் ஒரு பங்கு என்றால் கால். உண்ணும் உறுப்பு வாய். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் ஓடும் வழியாகிய 'கால்வாய்'. முதலாவது முடிந்தது. சொற்களை அருகருகே ஒட்டும் உத்தி இது.

மூன்றாவதுக்கு மாணவன் 'தாலி' என்கிறான். கழுத்தில் விழுகிறது, இரண்டு எழுத்தும் சரி. ஆனால் குறிப்பின் முன்பாதிக்கு என்ன வேலை? மறைபுதிரில் வெறும் அலங்காரத்துக்காக நிற்கும் சொல் இருக்கக் கூடாது. வெயில் தணியும் வேளை என்பதற்கும் கழுத்தில் விழுவது என்பதற்கும் ஒரே சொல் வேண்டும் என்று ஆசிரியை நினைவூட்டுகிறார். அந்தச் சொல் 'மாலை'. இது எமக்கு நன்கு பழக்கமான சிலேடைதான்.

நாலாவதில் 'குலைந்தால்' என்ற சொல்தான் சாவி. நகரம் என்ற எழுத்துகளைக் குலைத்து அடுக்கினால் 'நரகம்'. பாவிகள் போகுமிடமும் அதுதான்.

ஆறாவதில் மாணவனின் முறை. முதலை என்றதும் மற்ற இருவருக்கும் ஆற்றில் கிடக்கும் பிராணிதான் நினைவுக்கு வருகிறது. அவனோ அதை 'முதல்' என்று பிரித்துப் படிக்கிறான். முதல் எழுத்தை இழந்த நோன்பு. நோன்புக்கு மறுசொல் விரதம். அதில் முதல் எழுத்துப் போனால் 'ரதம்', அதாவது தேர்.

இரண்டும் ஐந்தும் மசியவில்லை. இப்போது கையில் இருக்கும் முதல் எழுத்துகள்: கா, வெற்றிடம், மா, ந, வெற்றிடம், ர. மாணவன் பிடிவாதமாகத் 'தாலி'யில் நின்றிருந்தால் இந்த இடத்தில் மூவரும் முட்டுச்சந்தில் நிற்பார்கள். 'மாலை' சரியாக இருப்பதால் ஆசிரியையின் கண்ணுக்கு 'மா, ந, வெற்றிடம், ர' என்பது 'மாநகர' என்று தெரிகிறது. கடைசி விடையின் முடிவைக் காண வேண்டும் என்று முன்னுரை சொன்னது எதற்கு? ரதம் என்பதன் முடிவெழுத்தாகிய 'ம்' சேர்ந்தால் மாநகரம். அதற்கு முன்னால் 'கா' என்று தொடங்கும் இரண்டெழுத்து யாத்திரைத் தலம் காசி. 'காசி மாநகரம்'.

இனித்தான் சுவையான கட்டம். கருப்பொருளில் இருந்து பின்னோக்கி வர வேண்டும். ஐந்தாவது விடை 'க'வில் தொடங்குகிறது, பொருள் பாட்டு, எழுத்து மூன்று. 'கவிதை' என்று எழுதிவிடலாம். ஆனால் ஏன் என்று விளங்க வேண்டும். 'கதை' என்ற சொல்லுக்குள்ளே 'வியப்பு' என்பதன் தொடக்கமாகிய 'வி' புகுந்தால் கவிதை. இரண்டாவது 'சி'யில் தொடங்குகிறது. 'ஈசனே!' என்று விளித்தால் 'சிவா!' என்று ஆகும். சரி, 'திருப்பிப் படி' என்றால்? படி என்பதற்கு மறுசொல் 'வாசி'. அதைத் திருப்பினால் சிவா.

கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று. ஆறு குறிப்புகளையும் தீர்த்த பிறகு கருப்பொருளைக் கண்டுபிடிக்கவில்லை. நாலைத் தீர்த்து, கருப்பொருளை ஊகித்து, அதை வைத்து மிகுதி இரண்டையும் தீர்த்தார்கள். கருப்பொருள் புதிர்களின் இயல்பான வழி இதுவே.

இன்னொன்றும் உண்டு. நாலாவது விடையாக அவசரத்தில் யாராவது 'நகரம்' என்றே எழுதியிருந்தால்? அதுவும் 'ந'வில்தான் தொடங்குகிறது. கருப்பொருள் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்திருக்காது. குறிப்பை இரண்டாம் தரம் படிக்கும் இன்னொரு கண்தான் காட்டிக்கொடுக்கும். கூட்டாளி எதற்கு என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் தேவையில்லை.

எழுதப்படாத ஒப்பந்தம்

தொர்க்கமாடாவின் புதிர்கள் அறிவாளிகளின் கொண்டாட்டமாக இருந்தன. ஆனால் விதி என்று ஒன்றும் இருக்கவில்லை. புதிர் அமைப்பவர் என்ன நினைத்தார் என்பதைச் சிலவேளைகளில் ஊகித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. 1939இல் அவர் இறந்த பின்னர் ஒப்சேவரில் அந்த இடத்துக்கு வந்தவர் டெரிக் மக்னட் என்ற பாடசாலை ஆசிரியர். அவரும் ஒரு விசாரணை அதிகாரியின் பெயரைத் தெரிந்தெடுத்தார்: சிமெனெஸ். ஆனால் அவர் செய்தது சித்திரவதைக்கு நேர்மாறானது. 1966இல் வெளியிட்ட நூலில், நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் இலக்கணம் போல வகுத்தார். பொருள் துல்லியமாக இருக்க வேண்டும். சொல்விளையாட்டு நியாயமாக இருக்க வேண்டும். இரண்டையும் தவிர மேலதிகமாக எதுவும் இருக்கக் கூடாது.

அவருக்கு முன்னரே 'அஃப்ரிட்' என்ற புனைபெயரில் எழுதிய அலிஸ்டர் பெர்குசன் ரிச்சி 1949இல் வெளியிட்ட நூலில் இந்த நேர்மையின் சாரத்தைச் சொல்லியிருந்தார். புதிர் அமைப்பவர் வாசகரைத் திசைதிருப்பலாம். வாக்கியத்தின் மேலோட்டமான பொருள் அவர் கருதிய பொருளாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்துப் பிரித்துப் படிக்கும்போது, அவர் கருதியதை அந்தச் சொற்கள் பிசகாமல் சொல்லியிருக்க வேண்டும்.

முதலை என்று எழுதிவிட்டு முதலெழுத்தைக் கருதலாம். ஆனால் கருதியதற்கு ஏற்ற உருபு அங்கே இருக்க வேண்டும். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. ஒருவரையொருவர் ஒருபோதும் காணாத இரண்டு பேருக்கு இடையிலான இந்த நம்பிக்கைதான் அரகேரியாவின் செய்தியையும் சுமந்தது. ஐம்பது ஆண்டுகளாக அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருந்ததை வாசகர் அறிவார்கள். ஆகவே அந்த அறிவித்தலும் விளையாட்டு அல்ல என்பதை அவர்கள் உடனேயே உணர்ந்திருக்க வேண்டும்.

உச்சிமலை: லிஸ்னர் புதிர்

பிபிசி 1929இல் 'லிஸ்னர்' என்றொரு வாராந்தச் சஞ்சிகையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து அதில் வெளியான குறுக்கெழுத்துப் புதிர், ஆங்கிலத்திலேயே மிகக் கடினமான தொடர் என்ற பெயரைப் பெற்றது. 1991இல் சஞ்சிகை நின்றுபோனது, புதிர் நிற்கவில்லை. 'டைம்ஸ்' பத்திரிகையின் சனிக்கிழமைப் பதிப்புக்கு இடம் மாறியது.

சாதாரண மறைபுதிரில் குறிப்பைத் தீர்த்தால் வேலை முடிந்தது. லிஸ்னரில் அது பாதி வேலைகூட இல்லை. முதலில் ஒரு நீண்ட முன்னுரை வரும். சில குறிப்புகளில் ஒரு சொல் மேலதிகமாக இருக்கிறது என்று அது சொல்லும். எவற்றில் என்று சொல்லாது. வேறு சிலவற்றில் பொருட்பகுதியில் ஓர் எழுத்து வேண்டுமென்றே பிழையாக அச்சிடப்பட்டிருக்கும். திருத்திய எழுத்துகளை வரிசைப்படுத்தினால் ஒரு கட்டளை கிடைக்கும். அந்தக் கட்டளைப்படி நிரப்பிய கட்டங்களில் சிலவற்றை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் எல்லாக் கட்டங்களிலும் உண்மையான சொற்கள் இருக்கும். சிலவேளை இறுதியில் ஓர் உருவத்தை வரைய வேண்டும் அல்லது சில கட்டங்களுக்கு நிறம் தீட்ட வேண்டும். சேம்பர்ஸ் அகராதி இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

ஆங்கிலம் நன்கு தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழும். ஆங்கில மறைபுதிர் ஒரு சமூகத்தின் பொது நினைவில் இருந்து எழுதப்படுவது. விவிலியம், ஷேக்ஸ்பியர், கடற்படைச் சுருக்கங்கள், பழைய நாணயங்கள், தேனீர் வேளைப் பலகாரங்கள் எல்லாம் அதில் வரும். இலங்கை வாசகருக்குக் கைகொடுக்கும் ஒரேயொரு பொதுச்சொத்து கிரிக்கெட். 'டக்' என்று கண்டால் பூச்சியம், அதாவது 'ஓ' என்ற எழுத்து. 'மெய்டன்' என்றால் 'எம்'. 'போல்ட்' என்றால் 'பி'. ஓட்டப் பலகை படிக்கத் தெரிந்தவருக்கு இவை உடனே பிடிபடும். ஆனால் பூவைக் குறிக்கும் 'பிளவர்' என்ற ஆங்கிலச் சொல்லை 'பாய்ந்தோடுவது' என்று பிரித்து, அதற்கு ஆற்றின் பெயரை விடையாகக் கேட்கும் தந்திரத்தை யாராவது ஒருவர் முதன்முறை காட்டித்தர வேண்டும். ஒருதரம் கண்டால் பிறகு மறக்காது.

ஒரு தலைக்குள் அடங்காத அறிவு

கடினமான கருப்பொருள் புதிரில் தேவைப்படுவது அதிக புத்தி அல்ல, பல வகையான நினைவுகள். ஒருவருக்குச் சங்கீதம் தெரியும், இன்னொருவருக்கு இரசாயனம், வேறொருவருக்கு வரைபடம். கருப்பொருள் எந்தத் துறையில் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாதபோது, நாலு பேர் இருந்தால் நாலு கதவுகள் திறக்கும்.

இரண்டாவது காரணம் மனதின் பிடிவாதம். ஒரு வாக்கியத்தை ஒருவிதமாகப் படித்துவிட்டால், அதே மூளை அதை வேறுவிதமாகப் படிக்க மறுக்கும். முதலையைப் பிராணியாகக் கண்டவருக்கு அது பிராணியாகவே தெரியும். அப்படிப் படிக்காத ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய அறிவாளி இருப்பதைவிட மேல். புதிய ஆட்கள் அனுபவசாலிகளுக்கு உதவும் விசித்திரம் இதனால்தான் நடக்கிறது.

இதன் பயனை அரசுகளும் அறிந்திருந்தன. 1942 ஜனவரியில் பிரித்தானியாவின் 'டெய்லி டெலிகிராப்' தனது புதிரை 12 நிமிடங்களுக்குள் தீர்க்க முடியுமா என்று வாசகரை அழைத்து ஒரு போட்டி நடத்தியது. அதில் கலந்துகொண்ட சிலருக்குச் சில வாரங்களின் பின் போர் அலுவலகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஜேர்மனியின் இரகசியச் செய்திகளை உடைத்த பிளெச்லி பார்க் நிலையத்துக்கு ஆள் சேர்க்கும் வழிகளில் இதுவும் ஒன்று. அந்த நிலையத்தில் கணிதவியலாளர், மொழியறிஞர், சதுரங்க வீரர் எனப் பலதரப்பட்டவர்களை ஒன்றாக இருத்தினார்கள். தனி மேதை ஒருவரை நம்பி அது இயங்கவில்லை.

கூட்டாகத் தீர்ப்பதையே விதியாகக் கொண்ட போட்டிகளும் உள்ளன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1981 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் 'மிஸ்டரி ஹன்ட்' அதில் புகழ்பெற்றது. அணிகள் இரவு பகலாக நூற்றுக்கு மேற்பட்ட புதிர்களை அவிழ்த்து, வளாகத்தில் ஒளித்து வைத்த ஒரு நாணயத்தைத் தேடும். வெல்லும் அணிக்குக் கிடைக்கும் பரிசு விநோதமானது: அடுத்த ஆண்டுப் போட்டியை அமைக்கும் பொறுப்பு.

உதவிக்கும் ஒரு முறை உண்டு

உதவி கேட்டால் அது களவு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். யார் கேட்டது, யார் கொடுத்தது என்பதைவிட எவ்வளவு கொடுத்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது. முழு விடையையும் சொல்லிவிடுபவர் உதவவில்லை. மற்றவரின் மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டு போகிறார். கதையின் முடிவைச் சொல்பவர் மாதிரி. அனுபவமுள்ளவர்கள் படிப்படியாகத்தான் இறங்கி வருவார்கள். மேலேயுள்ள ஐந்தாவது குறிப்பை எடுத்துக்கொண்டால் அந்தப் படிகள் இப்படி அமையும்.

முதற் படி: எழுதியது சரியா, பிழையா என்று மட்டும் சொல்வது. பல சிக்கல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பொருட்பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டுவது. பெரும்பாலும் அது குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் இருக்கும். 'கடைசிச் சொல்லைப் பார்' என்றால் போதும். பாட்டு என்பதுதான் பொருள் என்று விளங்கிவிடும்.

மூன்றாம் படி: உத்தியின் பெயரைச் சொல்வது. 'ஒன்றுக்குள் ஒன்று' என்றால், 'உள்ளே' என்ற சொல் உயிர் பெறும்.

நாலாம் படி: ஓர் எழுத்தைக் கொடுப்பது.

ஐந்தாம் படி: விடை. அதையும் தனியே சொல்லக் கூடாது. ஏன் அது விடை என்ற விளக்கத்தோடு சொல்ல வேண்டும். விளக்கம் இல்லாத விடையால் அடுத்த புதிருக்கு ஒரு பயனும் இல்லை.

கேட்பவருக்கும் கடமை உண்டு. 'ஐந்தாவது என்ன?' என்று மொட்டையாகக் கேட்பதைவிட, 'இரண்டாவது எழுத்து வி என்று நினைக்கிறேன், கதை என்ற சொல் அப்படியே வருகிறதா?' என்று கேட்பவருக்கே நல்ல உதவி கிடைக்கும். எதுவரை வந்தோம் என்று சொல்லும்போதே பாதி நேரம் விடை தானாக வந்துவிடும். பரிசுப் புதிர் என்றால், முடிவுத் திகதி போகும்வரை விடைகளைப் பொதுவெளியில் பேசாமல் இருப்பது மரபு.

குழுவாகத் தீர்ப்பவர்களுக்கு மேலும் சில நடைமுறைகள் உதவும். முன்னுரையை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். அதில் ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டு எழுதப்பட்டிருக்கும். காரணம் விளங்காத விடையைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்; மற்றவர்கள் அதை நம்பி மேலே கட்டிவிடக் கூடாது. கருப்பொருளுக்கான எழுத்துகளைக் குறித்துவைக்க ஒருவரை நியமியுங்கள். எல்லோரும் ஒரே குறிப்பில் முட்டிக்கொண்டு நிற்காமல் பிரிந்து வேலை செய்து, அரை மணிக்கு ஒருதரம் கூடிப் பேசுங்கள். ஒன்றும் நகராவிட்டால் மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

தமிழில் முடியுமா?

இந்த விளையாட்டு எமக்கு அந்நியமானது அல்ல. தொல்காப்பியம் விடுகதையைப் 'பிசி' என்ற பெயரில் செய்யுள் வகைகளில் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. தண்டியலங்காரம் மடக்கையும் சித்திரகவியையும் சொல்லணிகளாக வகுக்கிறது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடிய காளமேகப் புலவர், இன்று இருந்திருந்தால் முதல்தர மறைபுதிர் அமைப்பாளராக இருந்திருப்பார். எமது ஊர்களில் பெரியவர்கள் நொடி போட, பிள்ளைகள் சுற்றியிருந்து அவிழ்த்த வழக்கமும் இதே குடும்பம்தான். யாரும் நொடியைத் தனியே இருந்து அவிழ்த்ததில்லை.

தமிழ் எழுத்துமுறையும் இதற்குத் தனி நிறம் தருகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை எங்கும் நகர்த்தலாம். தமிழில் உயிர்மெய் ஓர் அலகாக நிற்பதால், குலைத்து அடுக்கினால் பொருள் தரும் சொற்கள் குறைவு. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால், புள்ளி எழுத்தில் முடியும் சொற்களைத் திருப்பிப் படிக்க இயலாது. 'வாசி', 'சிவா' போன்ற இணைகள் அபூர்வம். அதனால்தான் கிடைக்கும்போது அவற்றுக்கு அத்தனை இனிமை. மறுபுறம், புணர்ச்சியும் வேற்றுமை உருபுகளும் ஆங்கிலத்தில் இல்லாத ஒளிவிடங்களைத் தருகின்றன. 'முதலை' என்ற ஒரே உருவத்தில் பிராணியும் 'முதல்' என்பதன் இரண்டாம் வேற்றுமையும் ஒளிந்திருப்பது ஆங்கிலத்தில் செய்ய முடியாத வித்தை.

தமிழில் மறைபுதிர்கள் ஏற்கனவே வந்துகொண்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் இருந்து வெளியாகும் 'தென்றல்' மாத இதழ் அவற்றை வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவற்றைத் தீர்ப்பவர்களின் வட்டம் சிறியது. எமது பாடசாலைகளில் இலக்கணம் பரீட்சைக்கான சுமையாகவே பார்க்கப்படுகிறது. புணர்ச்சி விதியைப் பாடமாக்க மறுக்கும் மாணவன், 'முதலை' எப்படிப் பிரியும் என்று தானாகவே தேடுவான், அது ஒரு புதிருக்குள் இருந்தால்.

தொடங்குவதற்கு நாளிதழோ பரிசோ தேவையில்லை. இரண்டு அல்லது மூன்று பேர், ஓர் அகராதி, ஒரு தாள் போதும். நல்ல சோடிச் சொல் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றி ஒரு பொய்க் கதையை உண்மையான சொற்களால் கட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் திணறும்போது விடையைச் சொல்ல வாய் துடிக்கும். அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடைசிச் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.